கமர் பாய் அழுத்தாத பொத்தான்

ஆவடி நிறுத்தத்தில் அலுவலகப் பேருந்துக்காக நின்றிருந்தபோது எங்கள் அறையில் வேலை பார்க்கும் தேவா போனில் கூப்பிட்டான். "இசக்கி, பாய் பூட்டாரு" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். அவ்வளவு மரமண்டை நான். பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர் அம்பத்தூர், அம்பத்தூர் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "பூட்டாருன்னா பூட்டாருதான். நேத்து சாய்ங்காலம் பாடி மேம்பாலத்துக்குக் கீழ கேபிள் வேல பாத்துகினு இருந்தாராம். நெஞ்ச புட்சுகினு குந்தினவருதான், எந்திரிக்கவே இல்ல. இன்னிக்கு மத்தியானத் தொழுகைக்கு அப்பால அடக்கம்" என்றான். நான் எதிர்ப்பக்கம் போய்ப் பூந்தமல்லி பேருந்தில் ஏறினேன்.

கமருதீன் பாய்க்கு நாற்பத்தெட்டு வயது. பூந்தமல்லியில் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பெண்கள் இருந்த அறைக்குள் போய் அவர் மனைவி ஷகிலா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்த பட்டன அமுக்குன நேரத்துல நான் பள்ளிவாசல்ல இருந்தேன் ஷகிலான்னு ஒருநா ஊட்ல சொன்னாரு. அப்ப யாரு அமுக்குனதுன்னு கேட்டேன். அத அவங்கதான் சொல்லணும், நான் சொல்லக்கூடாதுன்ட்டாரு. நீ கூடவே தான வேல பாத்தே. உனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட் டேட்டா சென்டரில் இரண்டாம் மாடிக் கண்காணிப்பு அறையில் பாயோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பதாம் நாளுக்கு ஒரு மடல் அச்சடிக்கிறோம், நல்லதாக நாலு வரி எழுதிக் கொடு என்று தேவா கேட்டான். நாலு வரியில் இது அடங்காது. பாய் நம் வேலையிலிருந்து எப்படிப் போனார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாராமல் ஒப்புதல் கொடுத்து ஓர் ஆஸ்பத்திரியின் லைனைக் கோட்டைவிட்டவர் என்ற பெயரோடு போனார். அந்தப் பெயர் பொய். அது எப்படிப் பொய் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

அந்த அறையைப் பார்க்காத அவர் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள வங்கிக் கிளைகள், தொழிற்சாலைகள், மருத்துவமனைகளின் கணினிகள் எல்லாம் ஒவ்வொரு லைன் வழியாக எங்களிடம் வந்து சேரும். இத்தனை வேகத்துக்குக் குறையாது, வழியில் தகவல் தொலையாது என்று ஒவ்வொருவருக்கும் நாங்கள் வாக்குக் கொடுத்திருப்போம். ஒரு லைன் எவ்வளவு தாமதித்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று லைனுக்கு ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். பாலிசி என்போம். அந்த விதிகளைப் பாய் ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவார். ஒரு விதிக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார்.

காலை ஒன்பதரைக்கு அவர் அட்டென்டன்ஸ் எடுப்பதை மறந்திருக்க மாட்டீர்கள். லைன்களுக்கு எண்கள் இருந்தன. அவரோ ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "இன்னா சென்னீர்குப்பம், கீறியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சோதனைத் தகவலை அனுப்புவார். பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதுவார். "உள்ளேன் ஐயான்னுட்டான். அடுத்தவன் யாரு?" என்பார். நாங்கள் சிரிப்போம். எழுந்து போனாலும் அந்த நோட்டில் புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகருவார்.

செத்தவரைப் புகழ்வதற்காக அவரைப் புனிதராக்க மாட்டேன். பாய் எரிச்சலூட்டும் மனிதர். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. என் டப்பாவிலிருந்த மாங்காய் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துத் தின்றுவிட்டு உப்பு ஜாஸ்தி என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தாலும் வாய் மட்டும் திருநெல்வேலி வாய். வாரத்துக்கு மூன்று நாளாவது எங்களுக்குள் சண்டை இருக்கும். மறுநாள் அவரே "இன்னா இசக்கிமா, கோவம் தீந்துச்சா? டீ குடிக்கலாம் வா" என்பார். அவரைவிட நான் மூன்று வயதுதான் இளையவள். ஆனாலும் கடைசி வரை எனக்கு அம்மா போட்டுத்தான் பேசினார்.

விதி எழுதும் வேலையைத் தானியங்கியாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் மேலாளர் நாள் குறித்துவிட்டார். நான் எழுதிய நிரல் ஒவ்வொரு லைனும் கடந்த இரண்டு வாரம் எப்படி ஓடியது என்று தானே அளந்து பார்க்கும். அதுதான் அந்த லைனின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அந்த இயல்புக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு எல்லையை வைத்துவிடும். பாய் ஒரு மாதத்தில் எழுதுவதை அது டீ குடித்து வருவதற்குள் எழுதி முடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாய் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஷோக்கா கீது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டு வாரம் லைனு ஒடம்பு செரியில்லாம இருந்துச்சுனா?"

"அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு பாய்."

"அந்த ஒண்ணு யாருன்னு பாத்தியா? சென்னீர்குப்பம் ஆஸ்பத்திரி. ரோட்ட தோண்டிகினு கீறானுங்க. ரெண்டு வாரமா அது தள்ளாடிகினு கீது. காய்ச்சல்காரன தொட்டுப் பாத்துட்டு, இவன் ஒடம்பு சூடே இவ்ளோதான்னு எழுதுவியா? நல்லாருந்த நாள்ல அளவு எடுமா."

சரியாகத்தான் சொன்னார். நோட்டிலும் அன்றைய பக்கத்தில் எழுதினார்: "சென்னீர்குப்பம். பள்ளம் தோண்டுகிறார்கள். இந்த இரண்டு வாரத்தை அளவுக்கு எடுக்கக் கூடாது." ஆனால் கெட்ட நாட்களைக் கழிக்க வேண்டுமென்றால் நிரலைப் பாதி மாற்றி எழுத வேண்டும். மேலாளர் குறித்த நாளோ மறுநாள், வெள்ளிக்கிழமை. இவருக்கு வேறு வேலையில்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில் நொட்டை சொல்கிறார் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். பாய் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எங்கள் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விதியை ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்த்துத் தன் பெயரில் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். கட்டுப்பாடு இருந்தால் அதை மீறும் பழக்கமும் கூடவே இருக்கும் இல்லையா? வெள்ளிக்கிழமை மதியம் பாய் பின்வாசல் வழியாகப் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலுக்குப் போவார். அவசர ஒப்புதல் எதுவும் நிற்கக் கூடாது என்று தன் பாஸ்வேர்டை எனக்குக் கொடுத்து வைத்திருந்தார். நான் ஊருக்குப் போனால் என்னுடையது அவரிடம் இருக்கும். உங்களில் எத்தனை பேர் இப்படிச் செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் பாய் எழுந்து போனார். என் விதிகளைப் பார்த்தால் ஆஸ்பத்திரி லைனைக் காட்டி நிச்சயம் நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒன்றே கால் மணிக்கு அவர் பெயரில் உள்ளே நுழைந்து, நான் எழுதியதற்கு நானே ஒப்புதல் கொடுத்தேன். மொத்தமாக எல்லா லைனுக்கும் ஒரே அழுத்தில் கொடுத்தேன். அவர் திரும்பி வந்ததும் "மேலாளர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, போட்டுட்டேன்" என்றேன். "சென்னீர்குப்பத்த வுட்டுட்டு தான போட்டே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

திங்கட்கிழமை மேலாளர் கேக் வெட்டினார். இனி அட்டென்டன்ஸ் வேண்டாம், அதற்குத்தான் இயந்திரம் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் பாயிடம் சொன்னார். சிரிப்பும் கைதட்டலுமாக இருந்தது. சென்னீர்குப்பத்தை நான் மறந்தே போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளம் தோண்டும் இயந்திரம் அந்தக் கேபிளை அறுத்தது. லைன் சாகவில்லை, சுற்றுவழியில் இழுத்துக்கொண்டு கிடந்தது. பழைய அளவு இருந்திருந்தால் அடுத்த நிமிடமே மணி அடித்திருக்கும். நான் வைத்த எல்லை காய்ச்சல்காரனின் சூட்டை இயல்பு என்று எழுதிய எல்லை. அதனால் திரையில் அந்த லைன் பச்சையாகவே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது அழைப்பு என்னிடம் வந்தது. "ஸ்கேன் படம் போகவே மாட்டேங்குது மேடம், டாக்டர் அங்க காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். "எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்குமா. உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு. அதப் பாருங்க முதல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பாய் அன்று காலை ஆவடியில் ஒரு கிளையைப் பார்க்கப் போயிருந்தார். மதியம் ஒரு மணிக்கு வந்தவர், மேலாளர் அந்தப் பக்கம் இல்லையென்று பார்த்துவிட்டுத் தன் நோட்டை எடுத்தார். வேண்டாமென்ற பிறகும் திருட்டுத்தனமாக அட்டென்டன்ஸ் எடுத்தார். "இன்னா சென்னீர்குப்பம், கீறியா?" என்றார். சோதனை போனது, பதில் ஆடி அசைந்து வந்தது. மறுபடி அனுப்பினார். திரும்பி என்னைப் பார்த்தார். "இசக்கிமா, இது செத்துகினு கீது. பச்சை காட்டுது உன் மெஷினு" என்றார். அரை மணி நேரத்தில் வேறு வழியில் திருப்பி லைனைச் சரிசெய்தவர் அவர்தான். ஒப்புதல் விவரத்தில் தன் பெயரையும் ஒன்றே கால் மணி என்ற நேரத்தையும் அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

அன்று காலை பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒரு லாரி ஓட்டுநரை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். அவருடைய தலை ஸ்கேன் நகரத்திலிருந்த மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. சாயங்காலம் அவர் இறந்துபோனார். தாமதத்தால்தான் இறந்தார் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. தாமதத்தால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை. எங்கள் விசாரணை அறிக்கையில் 'வாடிக்கையாளர் பாதிப்பு' என்று இரண்டே சொல் இருந்தது. பாய் மட்டும் மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் போய் அந்த மனிதரின் பெயரைக் கேட்டு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். பழனி.

விசாரணையில் விதியை எழுதியவர் யார் என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்காமல் விட்டார் என்பதே குற்றம். பாயிடம் கேட்டார்கள். "என் பேரு, என் பாஸ்வேர்டு. தப்பு என்னுது" என்றார். பின்வாசல் காவலாளியின் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் அந்த நேரத்தில் அவர் கட்டடத்திலேயே இல்லை என்பது தெரிந்திருக்கும். ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகு யார் புரட்டப் போகிறார்கள்? நான் அதே மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நன்றாகவே பேச முடிந்தது. என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளுக்குக் கணீரென்று பதில் சொன்னேன்.

பாயை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போனவரின் பின்னால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனேன். "ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். எனக்காகத்தான் பாரத்தைத் தூக்கிக்கொண்டார், என்னைக் காப்பாற்றுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட உனுக்கு குட்த்தது யாரு? நானு. அது என் தப்பு. என்னுத நான் சொல்ட்டேன். நீ அளவ தப்பா எடுத்தே, என் பேர்ல அமுக்குனே, வுட்டுட்டேன்னு பொய் சொன்னே. அது உன்னுது. உன்னுத நான் எப்டிமா சொல்றது? உன்னுத நீ சொல்லு."

பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "வெச்சுக்கோ. நேரமெல்லாம் அதுல கீது" என்றார். வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பன்னிரண்டு நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டதும் இரண்டே காலுக்குத் திரும்பியதும் அவர் கையெழுத்தோடு இருந்தன. தன்னைக் காப்பாற்றத் தன் கையிலிருந்த ஒரே சாட்சியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் அதை என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். இன்னும் கேளுங்கள். கெட்ட நாட்களைக் கழித்துவிட்டு நல்ல நாட்களில் மட்டும் அளவெடுக்கும்படி நிரலைத் திருத்தினேன். அது என் யோசனை என்று மேடையேறிச் சொல்லிப் பாராட்டு வாங்கினேன், பதவியும் உயர்ந்தது. எங்கள் மற்ற கிளைகளிலும் இன்று அதுதான் ஓடுகிறது. பாய்க்கு எங்கள் தொழிலில் வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி விசாரித்தவர்களிடமெல்லாம் நாங்கள் அந்த ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னோம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் பாடியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெயிலில் கேபிள் இழுத்தார். போன வருடம் ஒருநாள் செய்தி அனுப்பியிருந்தார்: "இன்னா இசக்கிமா, சென்னீர்குப்பம் எப்டி கீது?" படித்தேன். பதில் எழுதவில்லை. பதில் எழுதினால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஷகிலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தக் கேள்வி. தெரியாதுக்கா என்றேனே, அதைச் சொல்லும்போது பக்கத்துக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நோட்டைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அந்தக் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "அன்னிக்கு நான் கேட்டப்ப இங்கதான இருந்தாரு. அப்ப சொல்லிருந்தா அவர் காதுல வுழுந்துருக்குமே" என்றார். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் வெளியே வரவில்லை. அந்த வீட்டில் டீ கொடுக்காமல் என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

இன்று காலை நடந்ததையெல்லாம் எழுதி மேலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். பதிவில் பாயின் பெயரை அழித்து என் பெயரைப் போட வழியுண்டா என்று கேட்டேன். பழைய ஒப்புதலை மாற்ற முடியாது, கீழே ஒரு குறிப்பு சேர்க்கலாம், அவ்வளவுதான் என்றார். குறிப்பைச் சேர்த்துவிட்டேன். மேலே அவர் பெயர் அப்படியேதான் இருக்கிறது, இனியும் இருக்கும். படிக்கிறவர்கள் கீழே வரைக்கும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த மடல் உங்கள் கைக்கு வரும்போது நான் அந்த அறையில் இருப்பேனா என்பதும் தெரியாது.

பாயிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நோட்டு அக்காவிடம் போய்விட்டது. அதுதான் நியாயம். அவருடைய ஒன்பதரை மணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எஸ்டேட் வாசல் கடையில் புதிதாக ஒரு நீள நோட்டு வாங்கி இன்று காலை அட்டென்டன்ஸ் எடுத்தேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்னா சென்னீர்குப்பம், கீறியா என்று அவர் கேட்கிற மாதிரியே கேட்டேன். பதில் உடனே வந்தது. அளவை எழுதினேன், நேரத்தை எழுதினேன், பக்கத்தில் இசக்கியம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.